மண்புழுப் பெட்டி மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்தே பிடித்துவிடலாம்

சமையலறைக் கழிவைப் புழு தின்று உரமாக்கும் பெட்டி நாறுகிறது, புழு ஓடுகிறது, ஈ மொய்க்கிறது என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக என்ன போட்டீர்கள், எவ்வளவு போட்டீர்கள்? பாதிப் பேர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே "ஓ, அதுதானா?" என்று தாங்களே பிடித்துவிடுவார்கள். மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெட்டிகளையும் தெரிந்தவர்கள் பெட்டிகளையும் கிளறிப் பார்த்ததில், திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் பத்துப் பன்னிரண்டுதான். உங்களுக்குத் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போங்கள். செலவில்லாத காரணம் முதலில் இருக்கும்; பெட்டியையே கலைக்க வேண்டிய காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையிலேயே பாருங்கள்.

## எதிலும் கை வைக்குமுன் மூன்று சோதனை

பிழிந்து பாருங்கள். படுக்கையில், அதாவது புழு குடியிருக்கும் ஈர அட்டை, நார்க்கழிவுக் கலவையில், ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும். அது சரியான ஈரம். தாரையாக ஒழுகினால் அதிகம். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் போதாது. மேலிருந்து ஒரு பிடி, அடியிலிருந்து ஒரு பிடி என்று இரண்டு தடவை பிழியுங்கள். மேலே காய்ந்து அடியில் சேறாகக் கிடப்பது இந்தப் பெட்டிகளின் வாடிக்கையான ஏமாற்று வேலை. மேலே மட்டும் பார்த்துவிட்டுத் தண்ணீர் தெளிக்கிறவர் அடியில் குளம் வெட்டிக்கொண்டிருக்கிறார்.

மோந்து பாருங்கள். மழை நனைத்த மண்ணின் வாசனை வந்தால் பெட்டி நலம். வேறு எந்த வாடை வந்தாலும் அது என்ன வாடை என்று பெயர் சொல்லப் பாருங்கள். கீழே அதற்குத் தனித்தனி வழி இருக்கிறது.

மணிக்கட்டு வரை கையை உள்ளே விடுங்கள். குளுகுளுவென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாகத் தெரிந்தால் கெட்ட சேதி. வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. சிவப்புப் புழு என்று எல்லாரும் வளர்க்கும் ஐசீனியா ஃபெடிடாவுக்கு 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் தோதானது. 30ஐத் தாண்டினால் கண் வைக்க வேண்டும், 35 ஆபத்து. ஆப்பிரிக்கப் புழுவான யூட்ரிலஸ் யூஜீனியே கொஞ்சம் கூடுதல் சூட்டை விரும்பும். ஆனால் குளிர் தாங்காது; 10 டிகிரிக்குக் கீழே போனால் பிழைப்பது கஷ்டம்.

ஒரே ஒரு விதி. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் செய்யுங்கள், மூன்று நாள் பொறுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்றே தெரியாமல் போகும். சூடு, அம்மோனியா நெடி, பட்டப்பகலில் கூட்டமாக ஓடுவது, இவை மட்டும் விதிவிலக்கு. அவற்றுக்கு அப்போதே இறங்க வேண்டும்.

## அறிகுறி: மூடியைத் திறந்தால் நாற்றம்

### சாக்கடை வாடை, அழுகிய முட்டை வாடை

காற்றில்லாமல் எதுவோ அழுகுகிறது என்று அர்த்தம்.

முதல் சந்தேகம், தீனி மிகுதி. படுக்கையை விலக்கினால் போன வாரம் போட்டது கொழகொழவென்று உருத்தெரியாமல் கிடக்கும். அதை அள்ளி வெளியே எடுங்கள். ஒரு வாரத்துக்கு எதுவும் போடாதீர்கள். பட்டினியால் புழு செத்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், படுக்கையே அவற்றுக்குச் சாப்பாடுதான். காய்ந்த அட்டையைக் கையால் கிழித்து இரண்டு மூன்று பிடி கலந்துவிடுங்கள். கிளற முள்கரண்டி மாதிரியான கைக்கருவி எடுங்கள். மண்வெட்டியும் கரண்டியும் புழுவை வெட்டும்.

அடுத்த சந்தேகம், அடைத்துக்கொண்ட வடிகால். அடித்துளைகளில் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். ஒரு தடவை என் பெட்டி ஒன்று மூன்று வாரமாக நாறிக்கொண்டே இருந்தது. தீனியை நிறுத்தினேன், அட்டை போட்டேன், ஒன்றுக்கும் மசியவில்லை. கடைசியில் தூக்கிச் சாய்த்துப் பார்த்தால், குழாய் வாயில் ஒரு பழக் கொட்டையும் அதைச் சுற்றி உரச் சேறும் தக்கை மாதிரி இறுகிப்போயிருந்தன. கம்பியால் குத்தியதும் அரை வாளி கறுப்புத் தண்ணீர் கொட்டியது. புழுக்கள் எல்லாம் மூடிக்குக் கீழே ஒரு மூலையில் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டு நிமிட வேலைக்கு மூன்று வாரம் வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, உரம் முற்றிப்போனது. அடிப்பகுதி கறுத்துக் களி மாதிரி இறுகியிருந்தால் அங்கே காற்று போக வழியில்லை. இதற்கு அட்டை போட்டுப் பயனில்லை, அறுவடை செய்ய வேண்டும். எல்லாவற்றையும் பெட்டியின் ஒரு பாதிக்கு ஒதுக்கி, மறு பாதியில் புதுப் படுக்கை போட்டுத் தீனியை அங்கே மட்டும் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலான புழுக்கள் தாமாகவே இடம் மாறிவிடும்.

### கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடி

பச்சைச் சாணம், கோழி எச்சம், புதிதாக வெட்டிய புல் இவற்றில் ஏதோ ஒன்று கொத்தாக உள்ளே போயிருக்கிறது. மூடியைத் திறந்து வையுங்கள். போட்டதை வெளியே எடுங்கள். காய்ந்த இலை, அட்டை, செய்தித்தாள் என்று கையில் கிடைக்கும் உலர்ந்த சரக்கை நிறையக் கலந்துவிடுங்கள். அன்று இரவுக்குள் நெடி அடங்காவிட்டால், புழுக்களை அள்ளி ஈரமான அட்டைப் படுக்கை உள்ள வேறொரு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். அம்மோனியா அவகாசம் கொடுக்காது.

இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். நாற்றம் என்றதும் சுண்ணாம்பு தூவுகிறார்கள். சுண்ணாம்பு காரம். காரம் கூடினால் அம்மோனியா இன்னும் வேகமாக வாயுவாகக் கிளம்பும். இந்த நெடிக்குச் சுண்ணாம்பு மட்டும் வேண்டவே வேண்டாம்.

கோழி எச்சத்தைத் தனிக் குவியலாகச் சில வாரம் மக்கவைத்து, சூடும் நெடியும் அடங்கிய பிறகே பெட்டிக்குள் விடுங்கள்.

### புளித்த வாடை, சாராய வாடை

பழமோ மாவுப்பண்டமோ அதிகமாகிப் புளிக்கிறது. படுக்கை அமிலமாகிக்கொண்டிருக்கிறது. பழத்தை நிறுத்துங்கள். முட்டை ஓட்டைக் காயவைத்து மாவு மாதிரி பொடித்து ஒரு கைப்பிடி தூவுங்கள். நறநறவென்று உடைத்துப் போட்டால் வருடக்கணக்கில் ஓடாகவே கிடக்கும், பொடித்தால்தான் வேலை செய்யும். தோட்டத்துக்கு விற்கும் கால்சியம் கார்பனேட் பொடியும் சரிதான். நீற்றிய சுண்ணாம்பும் சுட்ட சுண்ணாம்பும் புழுவின் தோலைப் பொசுக்கிவிடும்.

## அறிகுறி: புழுக்கள் பெட்டியை விட்டு ஓடுகின்றன

### புதுப் பெட்டி, முதல் சில நாட்கள்

இடம் மாறிய பதற்றம்தான். இரண்டு மூன்று இரவு பெட்டிக்கு மேலே ஒரு விளக்கை எரியவிடுங்கள். வெளிச்சம் பிடிக்காது என்பதால் உள்ளேயே தங்கிப் பழகிவிடும். நாலாவது நாளும் ஓடினால் படுக்கையைச் சந்தேகப்படுங்கள். புதுத் தென்னை நார்க்கழிவில் உப்பு தங்கியிருப்பதுண்டு. ஒரு பிடியைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரில் உப்பளவு காட்டும் கருவியை முக்கிப் பார்க்கலாம். கருவி இல்லாதவர்கள் நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுப் போட்டால் போதும்.

### பழைய பெட்டி, பத்துப் பதினைந்து மட்டும் சுவரில்

மூடியில் வேர்த்த நீரைத் தேடி ஏறுவது சகஜம். ஒன்றும் செய்யாதீர்கள்.

### பழைய பெட்டி, மழை வரும் இரவில் மட்டும்

உங்களிடம் இருப்பது பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ், அதாவது நீலப்புழு என்று சொல்வார்களே, அதுவாக இருக்கலாம். வெளிச்சத்தில் பிடித்தால் உடம்பில் நீல ஊதா மினுக்கம் தெரியும், தொட்டால் வெடுக்கென்று துள்ளும். வானிலை மாறினால் கூட்டமாகக் கிளம்புவது அதன் குணம். பெட்டியில் குறை இல்லை. பொடிக்கண் வலையை மூடிக்குக் கீழே இறுகக் கட்டுங்கள். சிவப்புப் புழுவென்று வாங்கியதில் இது கலந்து வருவது உண்டு, விற்றவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

### பழைய பெட்டி, பட்டப்பகலில் எல்லாத் திசையிலும்

இது அவசரம். கையை உள்ளே விட்டுச் சூடு பாருங்கள், மோந்து நெடி பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் கடைசியாக உள்ளே போனது என்ன என்று யோசியுங்கள்: உப்புப் போட்ட மிச்சம், ஊறுகாய், மருந்தடித்த இலை, சோப்புத் தண்ணீர். காரணம் கண்டுபிடிக்கும்வரை புழுக்கள் காத்திருக்க முடியாது. அதனால் பெட்டியின் கால்வாசியைக் காலி செய்து அங்கே வெறும் ஈர அட்டை நிரப்புங்கள். புகலிடம் கிடைத்தால் ஓடியவை அங்கே அடங்கும். ஒரு மணி நேரத்தில் அங்கேயும் தங்காவிட்டால் மொத்தமாக வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

### மேலே ஏறாமல் அடித்தட்டில் போய் விழுகின்றன

மேலே ஈரம் காய்ந்துவிட்டது அல்லது சூடு என்று அர்த்தம். ஈரத்தைச் சரிசெய்யுங்கள். வடிநீர் தேங்கும் அடித்தட்டில் ஒரு சொரசொரப்பான செங்கல் துண்டையோ அட்டைச் சுருளையோ மேல்தட்டைத் தொடும்படி நிறுத்தி வைத்தால் விழுந்தவை பிடித்து ஏறிவரும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் ஏற முடியாமல் அந்தத் தண்ணீரிலேயே கிடப்பவற்றை நிறையப் பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி: புழுக்கள் குறைந்துகொண்டே வருகின்றன

செத்த புழு கண்ணில் படவில்லையே என்று நம்பிக்கையோடு இருக்காதீர்கள். புழுவின் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். செத்த ஓரிரு நாளில் கரைந்து போய்விடும். முதலில் நிஜமாகவே குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். முலாம்பழத் தோல் ஒன்றைக் கவிழ்த்து வைத்து ஈர அட்டையால் மூடுங்கள். மறுநாள் காலையில் தூக்கிப் பார்த்தால் உயிரோடு இருக்கிற கூட்டம் அங்கே இருக்கும்.

### பெரியவை இருக்கின்றன, குஞ்சு இல்லை

உரத்தை வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். எலுமிச்சை வடிவத்தில், 3 மில்லிமீட்டர் அளவில், வைக்கோல் நிறத்தில் அல்லது பழுப்பில் மணிமணியாகத் தெரிந்தால் அவை முட்டைக்கூடுகள். சிவப்புப் புழுவின் கூடு பொரிய மூன்று வாரம் போல ஆகும். ஒரு கூட்டிலிருந்து இரண்டு மூன்று குஞ்சு வரும். கூடு இருந்தால் காத்திருங்கள். கூடே இல்லையென்றால் குளிர், படுக்கை காய்ந்தது, அல்லது உரம் நிரம்பி இடம் நெருக்கடியானது. அறுவடை செய்து புதுப் படுக்கை போட்டாலே பெரும்பாலும் இனப்பெருக்கம் தொடங்கிவிடும்.

### உடம்பில் முடிச்சு முடிச்சாக, பாசிமணி கோத்த மாதிரி

புழு இப்படி வீங்கி இடைக்கிடை இறுகிக் கிடந்தால், தானியமோ மாவோ புரதமோ மிதமிஞ்சிப் போய் புளித்திருக்கிறது. அந்தப் புழு பிழைக்காது, அதில் மெனக்கெட வேண்டாம். மற்றவற்றைக் காப்பாற்றுங்கள்: போட்ட தீனியை வழித்தெடுங்கள், காற்றுப் போகக் கிளறுங்கள், முட்டை ஓட்டுப் பொடி தூவுங்கள், பத்து நாள் தீனி இல்லை. புழு கொழுக்கட்டும் என்று மாவு தூவுகிறவர்கள் பெட்டியில்தான் இதை அதிகம் பார்க்கிறேன்.

வால் மட்டும் மஞ்சளாக இருந்தால் அது நோய் இல்லை. சிவப்புப் புழுவுக்கு அப்படித்தான் இருக்கும்.

### தோட்டத்தில் தோண்டி எடுத்த புழு

ஓரிரு வாரத்தில் ஒவ்வொன்றாகக் காணாமல் போனால் வைத்தியமே இல்லை. ஆழத்தில் வளை தோண்டி வாழும் புழுவுக்குப் பெட்டி ஒத்துவராது. அதைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு மேல்மட்டக் கழிவில் வாழும் இனத்தை வாங்குங்கள்.

### சாணம் மாற்றியபின் கூட்டமாகச் சாவு

மாட்டுக்கோ குதிரைக்கோ அண்மையில் குடற்புழு மருந்து கொடுத்தார்களா என்று சாணம் தந்தவரிடம் கேளுங்கள். ஐவர்மெக்டின் போன்ற மருந்துகள் சாணத்தோடு வெளியே வரும். கொடுத்திருந்தால் அந்தச் சாணத்தை ஒதுக்கித் தனியாக மாதக்கணக்கில் மக்கவிடுங்கள். இனிமேல் எந்தச் சாணமானாலும், முதலில் ஒரு டப்பாவில் பத்துப் புழுவோடு ஒரு வாரம் சோதித்துவிட்டுப் பெட்டியில் போடுங்கள். பத்துப் புழு போனால் போகட்டும்.

## அறிகுறி: பெட்டி சுடுகிறது

வெயில் படுகிறதா என்று முதலில் பாருங்கள். காலையில் நிழலாக இருக்கிற இடம் மாலையில் வெயிலாக இருக்கும். வைத்தவர் காலையில் மட்டும் பார்த்திருப்பார். நிழல்தான் என்றால் உள்ளே ஒரு பெரிய குவியல் வெந்துகொண்டிருக்கிறது. அதைக் கலைத்து ஒரு விரற்கடை உயரத்துக்குப் பரத்துங்கள், அல்லது வெளியே எடுங்கள். மூடியைத் திறந்து வையுங்கள். உறையவைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் படுக்கைமேல் ஒரு ஓரமாக வைத்தால் புழுக்கள் அதன் அருகே ஒதுங்கும். பனிக்கட்டியை நேராகக் கொட்டினால் சூடு தணிவதோடு சேறும் சேரும்.

## அறிகுறி: அழையாத விருந்தாளிகள்

பெட்டியில் புழு மட்டும் இருக்காது, இருக்கவும் கூடாது. தொட்டால் துள்ளும் வெள்ளைப் பொடிப்பூச்சியான ஸ்பிரிங்டெயில், தொட்டால் சுருளும் மரப்பேன் எல்லாம் கழிவு தின்னிகள்தான். விட்டுவிடுங்கள். தீனிமேல் பூக்கும் வெள்ளைப் பூசணமும் அப்படியே. புழு அதையும் தின்னும். ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் முகக்கவசம் போட்டுக்கொண்டு கிளறுவது நல்லது.

### பொடி ஈக்கள் மூடியைத் திறந்ததும் கிளம்புகின்றன

எந்த ஈ என்று பாருங்கள். பழுப்பு உடம்பு, சிவந்த கண், குண்டாக இருந்தால் பழ ஈ. கறுத்து, ஒல்லியாக, குட்டிக் கொசு மாதிரி காலைத் தொங்கப்போட்டுப் பறந்தால் பூஞ்சைக் கொசு. வைத்தியம் வேறு வேறு.

பழ ஈயின் முட்டை பெரும்பாலும் பழத்தோலோடேயே உள்ளே வருகிறது. தோலை இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போடுங்கள். முட்டையும் சாகும், தோலும் இளகிச் சீக்கிரம் மக்கும். தீனியை மேலே கொட்டாமல் நாலு விரல் ஆழத்தில் புதையுங்கள். மேலே முழு அகலத்துக்கும் ஈரச் செய்தித்தாளை நாலு மடிப்பாகப் போர்த்துங்கள். பெட்டிக்கு வெளியே, ஒரு குவளையில் வினிகரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பும் வைத்தால் பறப்பவை விழுந்து சாகும். 25 டிகிரியில் முட்டையிலிருந்து ஈயாவதற்குப் பத்து நாள் போதும். ஆகவே ஈ கண்ணில் படவில்லை என்று ஐந்தாம் நாளே நிறுத்தினால் அடுத்த தலைமுறை வந்துவிடும். மூன்று வாரம் விடாமல் செய்யுங்கள்.

பூஞ்சைக் கொசுவுக்கு வினிகர் பலிக்காது. மேல்படுக்கையை ஒரு வாரம் காயவிடுங்கள், அடி மட்டும் ஈரமாக இருக்கட்டும். பெட்டிக்கு மேலே மஞ்சள் ஒட்டு அட்டை தொங்கவிடுங்கள்.

### வெள்ளை நூல் மாதிரி குட்டிப் புழுக்கள்

மண்புழுக் குஞ்சு என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. குஞ்சின் உடம்புக்குள் ஒரு சிவப்புக் கோடு ஓடும். இவை முழுக்க வெள்ளை. தீங்கு செய்யாது, ஆனால் படுக்கை புளித்து நனைந்திருக்கிறது என்று சொல்லவந்தவை. மேலே புளித்த வாடைக்குச் சொன்னதையே செய்யுங்கள்.

### நகரும் மணல் மாதிரி சிற்றுண்ணிகள்

வெள்ளையாகவோ செம்பழுப்பாகவோ, தீனிமேலும் பெட்டி விளிம்பிலும் அப்பிக்கிடக்கும். கொஞ்சம் இருப்பது கெடுதல் இல்லை. விளிம்பே நிறம் மாறித் தெரியும் அளவுக்குப் பெருகினால், ஈரமும் தண்ணீர்ச்சத்துள்ள காய்களும் அதிகம். முலாம்பழத் தோலையோ ரொட்டித் துண்டையோ மேலே வைத்து, உண்ணிகள் மூடியதும் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். தினம் ஒன்று, ஒரு வாரத்துக்கு. பெட்டியையும் கொஞ்சம் காயவிடுங்கள். பூச்சிமருந்து வேண்டாம், உண்ணியைக் கொல்லுமோ இல்லையோ, புழுவைக் கொல்லும்.

### கொழுத்த, சாம்பல்நிற ஈப்புழு

இரண்டு சென்டிமீட்டர் வரை இருக்கும், தோல் கெட்டியாக வரிவரியாக இருக்கும். கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு. கடிக்காது, நோய் பரப்பாது. உள்ளதைச் சொன்னால் கழிவு தின்பதில் மண்புழுவை மிஞ்சும். ஆனால் அந்த வேகத்தில் சூடும் சேறும் உண்டாக்கிவிடும். தீனியைப் புதைத்து, சமைத்ததை நிறுத்தி, துளைகளுக்கு வலை கட்டினால் அடுத்த தலைமுறை வராது. இருப்பவை முற்றியதும் கறுத்துத் தாமாகவே வெளியேறும்.

### எறும்பு

எறும்பு வந்தால் பெட்டி காய்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்த மாதிரி. தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள், கூட்டைக் கலைத்தால் இடம் பிடிக்காமல் போய்விடும். பெட்டிக் கால்களைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். சுவரிலோ செடியிலோ பெட்டி உரசிக்கொண்டிருந்தால் கிண்ணம் வைத்துப் பயனில்லை.

### பூரான், தட்டைப்புழு, எலி

பூரானை இடுக்கியால் எடுங்கள், அது மண்புழு தின்னும். தட்டைப்புழுவை, அதிலும் தலை சுத்தியல் மாதிரி விரிந்ததை, வெறுங்கையால் தொடாதீர்கள். சில இனங்களின் உடம்பில் டெட்ரோடாக்சின் என்னும் நஞ்சு உண்டு. வெட்டவும் வேண்டாம், துண்டுகள் தனித்தனியாக வளரும். கையுறை போட்டு, உப்பு நிரப்பிய டப்பாவுக்குள் தள்ளி மூடுங்கள். பெட்டிக்குள் உப்புத் தூவாதீர்கள்.

எலி வருகிறது என்றால் இறைச்சியோ பால்பொருளோ எண்ணெயோ உள்ளே போகிறது. நிறுத்துங்கள். சுண்டெலி 6, 7 மில்லிமீட்டர் இடைவெளியிலேயே நுழைந்துவிடும், அதைவிடப் பொடிக்கண் கம்பிவலை அடியுங்கள். வலைக்குப் பிறகும் கடித்த தடம் தெரிந்தால், எலிப்புழுக்கை கிடந்தால், எலி ஒழிக்கும் ஆட்களைக் கூப்பிட வேண்டிய நேரம் வந்துவிட்டது. நாமாக விஷம் வைக்கக் கூடாத இடம் இது.

## அறிகுறி: போட்டது போட்டபடியே கிடக்கிறது

முதலில் துண்டின் அளவைப் பாருங்கள். முழுப் பழம் மாதக்கணக்கில் கிடக்கும், அதையே நறுக்கிப் போட்டால் வாரத்தில் போய்விடும். புழுவுக்குப் பல் கிடையாது, இளகியதைத்தான் உறிஞ்சித் தின்னும். அடுத்து எதைப் போட்டீர்கள் என்று பாருங்கள்: எலுமிச்சை வகைத் தோல், வெங்காயம், பூண்டு இவற்றைப் புழு கடைசியாகத்தான் தொடும். அவை சுருங்கிக் கறுத்த பிறகே பக்கத்தில் வரும்.

அப்புறம் கணக்கு. புழு தன் எடையில் பாதியைத் தினமும் தின்னும் என்று எங்கும் எழுதியிருக்கும். அது நன்றாக நிலைத்த, எல்லாம் தோதாக அமைந்த பெட்டிக்கு. ஒரு கிலோ புழுவோடு புதிதாகத் தொடங்குகிறவர் தினம் 200 கிராமுக்கு மேல் போகாமல், முந்தையது மறைந்த பிறகே அடுத்ததைப் போட்டால் இந்த அறிகுறியே வராது. 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் சிவப்புப் புழுவும் தின்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும். அப்போது தீனியைக் குறைத்து, பெட்டியைப் பழைய கம்பளியால் சுற்றுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் தின்னவில்லை என்றால் புழு போதவில்லை. முலாம்பழத் தோல் சோதனை செய்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

## அறிகுறி: குழாயில் வடிநீர் ஒழுகிக்கொண்டே இருக்கிறது

ஈரம் அதிகம், அவ்வளவுதான். தெளிப்பதை நிறுத்தி அட்டை போடுங்கள். கேள்வி வேறு: இந்தத் தண்ணீரை என்ன செய்வது? இதை வெர்மிவாஷ், அதாவது புழுப் படுக்கை வழியே தண்ணீர் விட்டு எடுக்கும் திரவ உரம், என்று எண்ணிச் செடிக்கு ஊற்றுகிறார்கள். அழுகலின் ஊடாக வடிந்துவந்தது இது. எந்தக் கிருமி இருக்கும் என்று சொல்ல முடியாது. நாறினால் கொட்டிவிடுங்கள். நாறாவிட்டால் பத்து மடங்கு தண்ணீர் கலந்து பூச்செடிக்கு மட்டும். பச்சையாகத் தின்னும் கீரைக்கும் காய்க்கும் வேண்டாம்.

## அறிகுறி: உரம் போட்ட செடி சுணங்குகிறது

விதை முளைத்துக் கிளம்புவது கோளாறு இல்லை. புழுப் பெட்டி விதையைக் கொல்லும் அளவுக்குச் சூடாகாது. பிடுங்கிப் போடுங்கள்.

செடி வாடினால் அளவைப் பாருங்கள். தொட்டிக் கலவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மண்புழு உரம் வேண்டாம். வெறும் உரத்திலேயே நட்டால் இறுகி வேர் மூச்சுமுட்டும், உப்பும் கூடும்.

அளவு சரியாக இருந்தும் தக்காளி, அவரை இலைகள் கிண்ணம் மாதிரி குவிந்து, நுனி முறுக்கிக்கொண்டு வந்தால் சாணத்தில் களைக்கொல்லி இருந்திருக்கிறது. அமினோபைராலிட், குளோபைராலிட் போன்றவை மேய்ந்த மாட்டின் வயிற்றையும் புழுவின் வயிற்றையும் தாண்டி வரும். புழு நன்றாகவே இருக்கும், செடிதான் மாட்டிக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் இரண்டு தொட்டி வையுங்கள். ஒன்றில் உரம் கலந்த மண், ஒன்றில் வெறும் மண், இரண்டிலும் நாலு நாலு அவரை விதை. மூன்று வாரத்தில் தெரிந்துவிடும். உரத் தொட்டி மட்டும் முறுக்கிக்கொண்டால் அந்த உரம் புல்தரைக்குத்தான் லாயக்கு.

## எப்போது வேறு ஆளைக் கூப்பிடுவது

கூட்டமாகச் சாவு, ஆனால் சூடும் இல்லை, நெடியும் இல்லை, ஈரமும் சரி என்றால் வீட்டுச் சோதனை அதோடு முடிந்தது. மண் பரிசோதனைக் கூடத்தில் கார அமில அளவும் உப்பளவும் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய படுகைகளாகப் போட்டு விற்கிறவர் என்றால் இரண்டு படுகையில் ஒரே நேரத்தில் சாவு தெரிந்த அன்றே போய்விடுங்கள், மூன்றாவதுக்குக் காத்திருக்க வேண்டாம். தட்டைப்புழு திரும்பத் திரும்ப வந்தால் படம் எடுத்து வேளாண் அதிகாரியிடம் காட்டுங்கள். சில இடங்களில் அது அந்நிய இனம், தகவல் சொல்ல வேண்டியிருக்கும். பெட்டி கிளறிய பிறகு காய்ச்சலோ இருமலோ நீடித்தால் மருத்துவரிடம் போங்கள், உரம் கிளறினேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பரிசோதனைக்குப் போகும்போது மூன்று டப்பா எடுத்துப் போங்கள். ஒன்றில் அடிப்படுக்கை, ஒன்றில் கடைசியாகப் போட்ட தீனியோ சாணமோ, ஒன்றில் உயிரோடு இருக்கும் பத்துப் புழு. புழு டப்பாவின் மூடியில் ஊசியால் ஓட்டை போட மறக்காதீர்கள். ஈர அட்டையும் வைத்து, வெயில் படாமல் பைக்குள் அடியில் வையுங்கள். வழியிலேயே வெந்துபோன புழுவைக் காட்டிக் காரணம் கேட்டால் அவர்களால் ஒன்றும் சொல்ல முடியாது.